நோயாளியின் மூச்சை எண்ணுவதுபோல: மலைமேல் ஐந்து நாட்கள்

முதல் நாள், மாலை

நைட் டூட்டி முடித்த கையோடு பஸ் ஏறிவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் தலை ஜன்னலில் இடித்து விழிப்பதும், மறுபடி தூங்கிப்போவதுமாகப் பாதி மலை கடந்தது. மேலே ஏற ஏறக் காது அடைத்துக்கொண்டது. கொட்டாவி விட்டதும் பொட்டென்று திறந்தது. திறந்த காதில் முதலில் விழுந்தது வென்டிலேட்டர் அலாரம். சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். பார்த்தால், பின் சீட்டில் ஒருவரின் போன் அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்த பிறகும் நெஞ்சுப் படபடப்பு அடங்க இரண்டு வளைவுகள் ஆயின.

ஐசியூவில் செவிலியராக இது எனக்கு 14ஆவது வருடம். மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்களுக்கென்றே நடத்தப்படும் ஐந்து நாள் தியான முகாமுக்கு வந்திருக்கிறேன். ஏன் வந்தேன் என்பதை இப்போதைக்கு ஒரே வரியில் சொல்கிறேன்: ஒரு நோயாளி இறந்துபோனார், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மீதியை எழுத முடிகிற அன்று எழுதுகிறேன்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து மையத்துக்குக் கல் படிகள்தான் வழி. பனியில் நனைந்து வழுக்கின. ஆம்புலன்ஸில் வேலை செய்யும் ஒரு தம்பி, "குடுங்கக்கா" என்று கேட்காமலே என் பையை வாங்கிக்கொண்டார். அவர் கையில் ஏற்கெனவே இரண்டு பைகள் இருந்தன. முன்னால் அறுபது வயதைத் தொட்ட ஒரு பொது மருத்துவர் நின்று நின்று ஏறினார். மொத்தம் 18 பேர். செவிலியர்கள்தான் அதிகம், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர் என்று மற்றவர்கள்.

சேரும் முன்பே ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். மனநலச் சிகிச்சையில் இருக்கிறீர்களா, சமீபத்தில் பெரிய இழப்பு ஏதாவது உண்டா, தூக்கம் எப்படி என்று இரண்டு பக்கக் கேள்விகள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆழ்ந்த மனச்சோர்விலோ பழைய அதிர்ச்சியிலோ இருக்கிறவர்களுக்கு நீண்ட மௌனம் சில நேரம் நிலைமையை மோசமாக்கும். கேட்காமல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

முகாமை நடத்தும் ஆசிரியர் முன்பு மயக்க மருந்து நிபுணராக இருந்தவர். முதல் பேச்சே இதுதான்: "இன்னிக்குத் தியானம் கிடையாது. எட்டு மணிக்குப் படுத்துடுங்க. தூக்கக் கடனோட உட்கார்ந்தா தூக்கம்தான் வரும்." போனை ஒப்படைத்துவிட வேண்டும், மாலையில் அரை மணி நேரம் மட்டும் தருவார்கள். அந்த அரை மணியில்தான் இதை எழுதுகிறேன். மணி 7:40. படுக்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், மாலை

பத்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன். கடைசியாக எப்போது இப்படித் தூங்கினேன் என்று நினைவில்லை.

காலையில் மூச்சை எண்ணச் சொன்னார்கள். வெளிவிடும்போது ஒன்று, அடுத்து வெளிவிடும்போது இரண்டு, பத்து வரை. அப்புறம் மறுபடி ஒன்று. மனம் எங்காவது போய்விட்டால் வருத்தப்படாமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்ததுமே அது மாறிவிட்டது. இழுத்து இழுத்து விட ஆரம்பித்தேன், நான்கைத் தாண்டவில்லை. நெஞ்சு இறுகி, போதாக்குறைக்குத் தலை சுற்றியது.

கேள்வி நேரத்தில் ஆசிரியரிடம் சொன்னேன்: "டாக்டர், கவனிச்சாலே மூச்சு மாறிடுது."

அவர் திருப்பிக் கேட்டார்: "வார்டுல நோயாளியோட மூச்சை எப்படி எண்ணுவீங்க, சிஸ்டர்?"

"அவங்களுக்குத் தெரியாம எண்ணுவேன்."

"எப்படி?"

"நாடி பாக்குற மாதிரி."

இது எங்கள் தொழிலில் முதல் வருடமே சொல்லித்தருவது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்போம். எண்ணி முடித்தபின்பும் கையை விடாமல், கண்ணை மட்டும் நெஞ்சுக்கூட்டுக்கு மாற்றுவோம். நாடிதான் பார்க்கிறார்கள் என்று நோயாளி நினைத்துக்கொண்டிருப்பார். எண்ணுவது தெரிந்தால் மூச்சு தன் இயல்பில் இருக்காது. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது.

"அப்போ உங்களையும் அப்படியே எண்ணுங்க" என்றார்.

மதியம் அமர்ந்தபோது வலது கை விரல்களை என் இடது மணிக்கட்டில் வைத்துக்கொண்டேன். நாடி கிடைத்தது. கவனத்தை அங்கேயே விட்டுவிட்டு, மூச்சை ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தேன். அது பாட்டுக்கு வந்தது, போனது. கொஞ்ச நேரத்தில் விரலடியில் ஒன்று தட்டுப்பட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைகிறது. வெளிவிடும்போது தளர்ந்து, துடிப்புகளுக்கு இடையே இடைவெளி கூடுகிறது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். மானிட்டர் திரையில் இளம் நோயாளிகளிடம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பயிற்சி மாணவிகளுக்குக் காட்டியும் இருக்கிறேன். என் கையில் இருப்பதை இன்றுதான் தொட்டுப் பார்த்தேன்.

உட்கார்ந்த உடனே எண்ணியபோது நிமிடத்துக்கு 20. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம், அதனால் கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் ஓய்வாக இருக்கும் ஒரு நோயாளிக்கு 20 என்றால், நான் சார்ட்டில் எழுதிவிட்டு அரை மணியில் மறுபடி ஒரு நடை போய்ப் பார்த்திருப்பேன். என்னை யாரும் போய்ப் பார்க்கவில்லை, நான் உட்பட. நாற்பது நிமிடம் கழித்து 13.

மாலையில் வரலாறு கொஞ்சம் பேசினார்கள். மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று எல்லோரும் சொல்லும் விழிப்போடு கவனிக்கும் பயிற்சி மருத்துவமனைக்குள் வந்தது 1979இல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய பயிற்சி அது. தீராத வலியோடு வாழ்கிறவர்கள், சிகிச்சையில் மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்டவர்கள், இவர்களுக்காகத் தொடங்கியது. வைத்தியம் பார்க்கிறவர்களுக்கும் இது வேண்டும் என்று ஆராய்ந்து சொன்னது பிறகுதான். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 70 மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து 2009இல் கட்டுரை வெளியிட்டார்கள். சோர்வு குறைந்தது, நோயாளிகள்மேல் பரிவு கூடியது. பயிற்சி பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதையும் ஆசிரியரே சொன்னார். குறையை மறைக்காமல் சொன்னதால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடியது.

மூன்றாம் நாள் (எழுதியது நான்காம் நாள் காலை)

நேற்று முழுநாள் மௌனம். மாலையில் போன் தரவில்லை, நானும் கேட்டிருக்க மாட்டேன். இன்று காலை சிறப்பு அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

படுத்துக்கொண்டு பாடி ஸ்கேன் செய்தோம். கால் கட்டைவிரலில் தொடங்கி உச்சந்தலை வரை, ஒவ்வோர் இடமாகக் கவனத்தைக் கொண்டுபோக வேண்டும். எதையும் மாற்ற வேண்டியதில்லை, என்ன இருக்கிறதோ அதைத் தெரிந்துகொண்டால் போதும். பாதத்தில் எரிச்சல் இருந்தது. கெண்டைக்கால் கல்லாகக் கிடந்தது. அடிவயிற்றுக்கு வந்தபோது சிறுநீர் முட்டுவது தெரிந்தது. எவ்வளவு நேரமாக முட்டிக்கொண்டிருந்ததோ! இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் செவிலியர்கள் எல்லோருக்கும் இது தெரியும். டூட்டியில் ஏறினால் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்வோம். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று குடிக்கவும் மாட்டோம். நாளடைவில் தாகம் எடுப்பதும் நின்றுவிடும். நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லி சிறுநீர் போனது என்று கணக்கு வைக்கிற நமக்கு, நம் உடம்பு சொல்வது கேட்பதில்லை.

எழுந்து போய்விட்டு வந்து மறுபடி படுத்தேன். தோள், முழங்கை, மணிக்கட்டு. உள்ளங்கைக்கு வந்தேன். மணிக்கட்டை ஒட்டிய அந்தத் தடித்த பகுதி.

அங்கேதான் அவன் இருந்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஓர் அதிகாலை. என் தம்பி வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு. ஒன்பது நாள் எங்களிடம் இருந்தான், முந்தைய நாள் கொஞ்சம் தேறியும் இருந்தான். மூன்று மணிக்கு இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தினோம், மாறி மாறி, நாற்பது நிமிடம். ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை; கை தானாகச் செய்யும். டாக்டர் நேரத்தைச் சொன்னார். குழாய்களை எடுத்தேன். முகம் துடைத்தேன். கதவருகே அவன் அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் உட்காரும்மா" என்றார். "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலைத் துடைக்கப் போனேன். அவசரப் பிரிவிலிருந்து அடுத்த நோயாளி கிளம்பியாகிவிட்டது என்று போன் வந்திருந்தது. முக்கால் மணி நேரத்தில் அதே கட்டிலில் வேறொருவர். டூட்டி முடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். எழுந்து அவனை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நேற்று, தரையில் மல்லாந்து படுத்திருக்கையில், உள்ளங்கையில் அந்த நெஞ்செலும்பின் எதிர்ப்பு அப்படியே இருந்தது. இரண்டு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. பிறகு அந்த அம்மா சொன்ன வார்த்தை வந்தது. மகனைப் பறிகொடுத்த நிமிடத்தில் என் கால்வலி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அழுதேன். சத்தம் வெளியே வரும் அளவுக்கு அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது பெரிய உதவி.

ஆசிரியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "துணை வேண்டுமா? தனியாக இருக்க வேண்டுமா?" என்று எழுதியிருந்தது. முதல் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். மதியம் வரை கூடவே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு இன்னொரு சீட்டு: ஊருக்குப் போனதும் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி. தியானம் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. போகப்போகிறேன்.

நான்காம் நாள், மாலை

மௌனம் கலைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஆம்புலன்ஸ் தம்பி என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு முதுகுல வந்துச்சு, உங்களுக்கு எங்க?" என்றார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும் இடம். கையை நீட்டிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மதியம் பொது மருத்துவர் எழுந்து கேட்டதை எல்லோரும் மனதில் வைத்திருந்தோம் என்று நினைக்கிறேன். "நான் கேக்குறது தப்பா எடுத்துக்காதீங்க. ஆள் போட மாட்டாங்க, லீவு தர மாட்டாங்க. கண்ணை மூடி உட்காருன்னு மட்டும் சொல்வாங்க. இது நியாயமா?"

ஆசிரியர் உடனே, "நியாயம் இல்லை" என்றார். பிறகுதான் விளக்கினார். வேலைப் பளுவில் ஆள் எரிந்து அடங்கிப்போவதைச் சொல்லும் பர்ன் அவுட் என்ற சொல்லை இந்தப் பொருளில் 1974இல் எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். பகலில் தன் வேலை, இரவில் நியூயார்க்கின் ஓர் இலவசக் கிளினிக்கில் தொண்டு என்று ஓடி, தானே எரிந்து அடங்கியவர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், ஐசிடி-11இல், பர்ன் அவுட் ஒரு நோய் என்று இல்லை. வேலையிடம் சார்ந்த ஒரு நிகழ்வு என்றே இருக்கிறது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, திறமையாகச் செய்கிறோம் என்ற எண்ணம் குறைவது. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்ன காரணங்களில் முதலில் நிற்பது வேலைப் பளு. பிறகு நம் கையில் அதிகாரம் இல்லாமை, அங்கீகாரம், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள் ஆகியவற்றில் வரும் குறை. இவற்றில் எதையும் மூச்சை எண்ணிச் சரிசெய்ய முடியாது. ஆளுக்கு இரண்டு நோயாளிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேரைக் கொடுத்துவிட்டுத் தியான வகுப்பு வைக்கும் நிர்வாகத்திடம், ஆள் வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும். கேட்க நான்கு பேர் சேர வேண்டும், சேரத் தெம்பு வேண்டும். என்னைக் கேட்டால், அந்தத் தெம்புக்குத்தான் இது. இரண்டு மாதமாக ஒன்றும் தோன்றாமல் இருந்தபோது நான் எதையும் கேட்கவில்லை. டபுள் டூட்டி என்றாலும் சரி என்றேன்.

பொது மருத்துவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மருத்துவர்களின் உறுதிமொழியான ஜெனீவா பிரகடனத்தில் 2017இல் சேர்த்த ஒரு வரியைச் சொன்னார்: உயர்ந்த தரத்தில் சிகிச்சை தரும்பொருட்டு என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கவனித்துக்கொள்வேன் என்று. முதல் பிரகடனம் வந்தது 1948இல். "அந்த ஒரு வரி வர 69 வருஷம் ஆச்சு, பாருங்க" என்றார்.

அப்புறம் கருணைத் தியானம். இது எனக்குக் கடினமாக இருந்தது. 'நான் நலமாக இருக்கட்டும்' என்று தன்னிடமிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். வாய் வரவில்லை. அதனால் அந்த அம்மாவிடமிருந்து தொடங்கினேன். அவருக்குச் சொல்ல வந்தது. சொல்லிக்கொண்டே இருந்ததில், அவர் என்னை உட்காரச் சொன்னது திரும்ப வந்தது. இந்த முறை மனதுக்குள் உட்கார்ந்தேன். அங்கிருந்து எனக்கும் சொல்லிக்கொள்ள முடிந்தது.

இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியும் சொன்னார்கள். நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கர், பௌத்தத் துறவி மத்தியூ ரிக்காரை எம்ஆர்ஐ ஸ்கேனரில் படுக்கவைத்துச் செய்த சோதனை. மற்றவர் வலியை உள்வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னபோது, அத்தனை ஆண்டு பயிற்சி உள்ள அவரே களைத்துப்போனார். அவர்கள் நலமாக வேண்டும் என்ற கருணைக்கு மாறியபோது களைப்பு விலகியது, மூளையின் வேறு பகுதிகள் வேலை செய்தன. மற்றவர் வலியில் நாமும் துடிப்பது ஒன்று, அந்த வலி தீர வேண்டும் என்று விரும்பி நிற்பது வேறொன்று. முதலாவதைத் தாங்க முடியாமல்தான் நான் கதவை அடைத்திருக்கிறேன். கதவு அடைபட்டதும் இரண்டாவதும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. எனக்கு நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது.

கடைசியாக ஒரு பயிற்சி, இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என்று கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை! புதிதாக நேரம் ஒதுக்க வேண்டாம், அந்த 20 விநாடியில் கையைத் தேய்ப்பதை மட்டும் செய்யுங்கள் என்றார் ஆசிரியர். ஹால் வாசலில் நின்று செய்து பார்த்தோம். முதலில் சில்லென்ற குளிர்ச்சி, பிறகு விரல் இடுக்குகளின் ஈரம், கட்டைவிரலைச் சுற்றித் தேய்க்கும்போது வரும் சூடு, காய்ந்தபின் தோல் லேசாக இழுப்பது. நான்கு மூச்சு, சில சமயம் ஐந்து.

ஐந்தாம் நாள், காலை

கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் ஏதாவது கொடுக்கச் சொன்னார்கள், பொருளாக இல்லாமல். லேப் டெக்னீஷியன் பெண் எனக்கு ஒரு தகவல் கொடுத்தார். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்டல்ஸ் என்ற அவசரப் பிரிவுச் செவிலியர் தொடங்கிய வழக்கம். நோயாளி இறந்ததும், யாரும் கலைந்துபோகும் முன், அறையில் இருக்கிற எல்லோரும் ஒரு நிமிடம் அளவுக்கு அப்படியே நிற்பார்கள். இவரும் ஒருவருடைய மகன், ஒருவருடைய அம்மா என்று யாராவது ஒருவர் சொல்வார். மௌனம். பிறகு வேலை. அவரவர் நம்பிக்கைப்படி நிற்கலாம், எந்தப் பிரார்த்தனையும் இல்லை. ஒரு செவிலியர் கேட்டுத் தொடங்கியது, பல மருத்துவமனைகளுக்குப் போயிருக்கிறது.

அவர் சொல்லச் சொல்ல, பையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டேன்.

படி இறங்கும்போது என் பையை நானே தூக்கிக்கொண்டேன். தம்பி கேட்டார், "இன்னிக்கு உன் கை சும்மா இருக்கட்டும்" என்றேன். சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

ஆறு நாள் கழித்து

முதல் நைட் டூட்டி முடிந்தது. இரண்டு மணிக்குத் தண்ணீர் குடித்தேன். நான்கு மணிக்கு, "ரெண்டு நிமிஷம் என் நோயாளியைப் பாத்துக்கோம்மா" என்று ஜூனியரிடம் சொல்லிவிட்டு ரெஸ்ட்ரூம் போனேன். திரும்பி வந்ததும், "நீயும் போயிட்டு வா" என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அலாரத்துக்கு இன்னும் திடுக்கிடுகிறேன். கை தேய்க்கும்போது பாதி நேரம் மறந்துவிடுகிறது, மீதி நேரம் நினைவு வருகிறது. ஆலோசகரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். மீட்டிங்கில் பேசுவதாகச் சொன்னார். "அதுவரைக்கும் நம்ம ஷிஃப்டுல செய்வோம், யார் கேக்கப்போறா" என்றும் சொன்னார். ஆள் பற்றாக்குறையைப் பற்றி எழுதிக்கொடுக்க மூன்று பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறோம், இன்னும் ஆட்களைச் சேர்க்க வேண்டும்.

தாளை நகல் எடுத்து, அவசர மருந்துகளும் கருவிகளும் இருக்கும் தள்ளுவண்டியான கிராஷ் கார்ட்டின் பக்கவாட்டில் ஒட்டினேன். நேற்று இரவு அதற்கு அவசியம் வரவில்லை. ஐந்தரை மணிக்கு நாலாம் கட்டிலில் இருந்த பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். 16. அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார், மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் நாடியில் கை வைத்துக்கொண்டுதான் எண்ணினேன்.